உப்பு வெந்நீர்

எனக்கு மூல ஆபரேஷன் என்று சொல்ல வெட்கப்பட்டு, மனைவிக்கு ஆபரேஷன் என்று அலுவலகத்தில் விடுப்பு வாங்கியிருந்தேன். நான்காம் நாள் மத்தியானம் சாத்துக்குடியோடு மூன்று பேர் அவளைப் பார்க்க வந்துவிட்டார்கள். நான் உட்காருவதற்காகத் தொட்டியில் உப்பு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்த தமயந்தி, கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போர்வைக்குள் படுத்தாள். கட்டுக்குள் புண் விண்விண்ணென்று தெறிக்க, நான் நின்றபடியே பிளாஸ்க் காபியை ஊற்றிக் கொடுத்தேன்.

"பாவம், சார் உட்காரக்கூட இல்ல. புருஷன்னா இப்படி அமையணும்," என்றார் செல்வராணி மேடம்.

அவர்கள் போனதும், "எழுந்திரு, போயிட்டாங்க," என்றேன்.

"கொஞ்சம் படுத்திருக்கேங்க. கல்யாணமாகி இன்னிக்குத்தான் பகல்ல படுக்கிறேன்."

தொட்டித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. புதிதாகச் சுடவைத்தேன். அடுப்படி அலமாரியில் வரிசையாகப் பன்னிரண்டு டப்பாக்கள். உப்பு எதில் இருக்கிறது என்று அவளைக் கேட்க வாய் வரவில்லை.