மெட்ரோ வீட்டுக்காரி

உயரத்தில் கட்டிய மெட்ரோ நிலையத்தின் கூரைக்கடியில் ஒரு பெண்புறா அடைகாத்தது. வெளியே சாலையோர மரத்திலிருந்த காகத்திடம், "இது பெரிய இடம். கண்டதெல்லாம் வந்து உட்காரக் கூடாது" என்று தினமும் சொல்லும்.

ஒருநாள் ஆட்கள் வந்து, பறவைகள் நுழையாதபடி கூரையின் சந்துகளை வலையால் அடைத்தார்கள். மூலையிலிருந்த கூடு அவர்கள் கண்ணில் படவில்லை.

"பாத்தியா, உன்ன மாதிரி ஆளுங்க வரக்கூடாதுன்னு எங்களுக்காக வலை போட்டிருக்காங்க" என்றது புறா.

"ரொம்பச் சந்தோஷம் அக்கா. இரை தேடப் போன உங்க வீட்டுக்காரரும் வாய் நிறைய அரிசியோட வெளியிலதான் முட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் வேணா வலையைக் கொத்திப் பிச்சு விடட்டுமா?"

காலையிலிருந்து பட்டினி கிடந்த புறாவுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் யோசித்தது.

"வேணாம். அவருக்காகப் பிச்சா, நாளைக்கு அதே ஓட்டையில நீயும் வந்துடுவே."