கியர் ஆயில்

யூஜின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். ஸ்பேனர் கையில் இருந்தது. திருகைக் கழற்றத்தான் கை வரவில்லை.

டாக்டர் முசேயின் பழைய பிரெஞ்சுக் கார். காலையில், அதன் பின்பக்கத்தைக் கட்டைவண்டி ஒன்றில் தூக்கி வைத்து, மாடு பூட்டி, ரெட்டியார்பாளையத்திலிருந்து நெல்லித்தோப்புப் பட்டறைக்கு இழுத்துவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கியர் பாக்ஸ் இறுகிக் கிடந்தது.

கூட வந்த ஆள்தான் விஷயத்தைச் சொன்னான்.

நேற்று சாயங்காலம் வில்லியனூரிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கார் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. ரெட்டியார்பாளையத்தில் நின்றுவிட்டது. மாட்டுவண்டி தேடிப் பிடித்து, அவளை அதில் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

யார் அந்தப் பெண் என்று கேட்க யூஜினுக்குத் தைரியம் வரவில்லை.

"கியர் பாக்ஸ்ல எண்ணெ இருந்துச்சான்னு பாத்து வைக்கச் சொன்னாரு டாக்டரு. பத்து மணிக்கு வருவாராம்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றியவன் யூஜின்தான்.

மாற்றினானா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. விடிந்ததும் விடியாததுமாக அவன் பழைய எண்ணெயை வடியவிட்டு, அடியில் தகரத் தட்டை வைத்தான். வெடிச் சத்தம் கேட்டது. தெருவே கடற்கரைப் பக்கம் ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு யூஜினும் ஓடினான். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். யாரோ வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்து அடித் திருகை முடுக்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேல் திருகைத் திறந்து புது எண்ணெய் ஊற்றியது?

காலையிலிருந்து அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறான். எண்ணெய் டின்னைத் தூக்கும் கை கண்ணுக்குத் தெரிகிறது. அது திங்கட்கிழமையின் கையா, அதற்கு முன் பார்த்த நூறு கார்களின் கையா, சொல்ல முடியவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். அந்தக் கார் நின்றுபோன நேரத்தில் அவன் அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்திருப்பான்.

மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லி ஸ்பேனரை அழுத்தினான். மேல் திருகு கழன்று வந்தது. சுண்டுவிரலை மடக்கித் துவாரத்துக்குள் விட்டான்.

விரல் நனைந்தது.

விளிம்பு வரைக்கும் எண்ணெய். ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. யூஜினுக்கு அழுகை வந்துவிட்டது. ஊற்றியிருக்கிறான். மறக்கவில்லை. பழைய வண்டி, ஏதோ பல் உடைந்து இறுகியிருக்கிறது. அதற்கு அவன் என்ன செய்வான்?

கண்ணைத் துடைக்கக் கையை முகத்தருகே கொண்டுபோனபோதுதான் அந்த வாசனை வந்தது.

கியர் ஆயிலுக்குக் கந்தகம் கருகியது போல ஒரு நாற்றம் உண்டு. இது வேறு. சின்ன வயதில் அம்மா அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றியது.

விளக்கெண்ணெய்.

எந்த மெக்கானிக்கும் கியர் பாக்ஸில் விளக்கெண்ணெய் ஊற்றமாட்டான்.

அப்போது காருக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பில்லாத, புழுதி படிந்த கால்கள். யூஜின் நகர்ந்து வெளியே தலையை நீட்டினான். டாக்டரின் டிரைவர் கோவிந்தராசு. இருபது வருஷப் பழக்கம். காக்கிச் சட்டை இல்லாமல், தோளில் வெறும் துண்டோடு நின்றிருந்தான்.

"பாத்துட்டியா?" என்றான்.

"விளக்கெண்ணெ" என்றான் யூஜின்.

கோவிந்தராசு தலையாட்டினான். "வண்டி நின்ன எடத்துலயே தொறந்து பாத்தேன். விரல்ல ஒண்ணும் ஒட்டல. பக்கத்து மளிகைக் கடையில வேற எண்ணெ இல்ல. இருந்த புட்டிய பூரா வாங்கி ஊத்தினேன். வண்டி அசையல."

யூஜின் படுத்தபடியே இருந்தான்.

"டாக்டர்கிட்ட என்னா சொன்ன?"

"எண்ணெ ரொம்பி இருந்துச்சி, உள்ள பல்லு ஒடஞ்சிருக்கும்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. அவரு வர்றதுக்குள்ள இத வடிச்சிட்டு நல்ல எண்ணெய ஊத்திடு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உன்ன உள்ள தூக்கிப் போட்டா உன் மூணு பொண்ணுங்களும் தெருவுல நிக்கும். வண்டிய எடுக்கறப்ப நானுந்தான் பாக்கல."

யூஜின் ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தான். ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள். அதை மூடி மறைத்துவிட்டு எப்படிச் சோறு தின்பது?

"வேணாம் கோவிந்தராசு. டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். அந்தப் பொண்ணோட வீட்டுக்கும் போயி கால்ல விழறேன்."

கோவிந்தராசு காரின் பின்சீட்டைப் பார்த்தபடி நின்றான். பிறகு துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்னா நாளைக்கு சொல்லிக்க" என்றான். "இன்னிக்கு ரெண்டு மணிக்கு எம்பொண்ண எடுக்கறோம். வந்துடு."