இரட்டை மீன்

“அக்கா, உங்க வீட்டுக்காரரு கடுதாசி!”

யெல்லே கூவிக்கொண்டே திரைன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கிழக்கே போன டச்சுச் சரக்குக் கப்பலிலிருந்து மூன்று வருஷம் கழித்து, அன்று காலைதான் ஹோர்ன் துறைமுகத்தில் இறங்கியிருந்தான்.

“கப்பல்ல போன மனுஷனுக்கு யாரு எழுதிக் குடுத்தாங்களோ! உனக்கு எப்படிக் கிடைச்சுது தம்பி?”

“ஆப்பிரிக்கா முனையில தண்ணி பிடிக்க நின்னோம். போற வர்ற கப்பல்காரங்க அங்க கல்லுக்கடியில கடுதாசி வச்சுட்டுப் போவாங்கல்ல? இது மேல உங்க கதவுல இருக்கற ரெட்டை மீன் குறி. பாத்ததும் எடுத்துட்டேன்.”

“நீதான் கப்பல்ல எழுத்து கத்துக்கிட்டியாமே, படியேன்!”

காலையிலிருந்து அப்படித்தான் ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தான். இனி பின்வாங்க முடியாது. அரக்கு முத்திரையை உடைத்துப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“‘நான் சுகமா இருக்கேன். உன் நெனப்பாவே இருக்கேன். அடுத்த கப்பல்ல வந்துடுவேன்...’”

திரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். காகிதத்தின் அடியில் மையால் வரைந்த ஒரு பிஞ்சுக் கை.

அவள் முகம் வெளுத்துப்போனது.

“போதும் தம்பி. அது என் பொண்ணு கை. பள்ளிக்கூட வாத்தியார்கிட்டச் சொல்லி எழுதவச்சு, அவருக்கு நான் அனுப்பின கடுதாசி இது.”

யெல்லேவுக்குக் காது மடல் கொதித்தது.

“அவரும் உன்ன மாதிரி எழுத்து தெரியாதவரு. திரும்பி வர்றப்ப அந்தக் கல்லுக்கடியில கண்டு எடுத்துக்கட்டும்னுதான் மேல மீன் போட்டேன்.”

காகிதத்தை மெல்ல வாங்கி மடித்தாள்.

“பொண்ணு பொறந்ததே அவருக்கு இன்னும் தெரியாது.”