பல்பைப் பிடித்த கை

கடையில் விற்கும் அச்சு எதையும் பொன்னுரங்கம் நம்பமாட்டார். பல்பைப் பிடித்த கை போல விளக்கு செய்ய, பல்பு மாட்டும் ஹோல்டரை மனைவி தாயம்மாள் கையில் பிடிக்கவைத்து, அந்தக் கையை பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டு, மணிக்கட்டுவரை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் கரைத்து ஊற்றினார்.

“யோவ், சுடுது.”

“இறுகுறப்ப சுடத்தான் செய்யும். ஆட்டாத, அச்சு கெட்டுடும்.”

“அக்கினி சாட்சியா புடிச்ச கைய வாளியில விட்டுட்டியே,” என்று சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இழுத்தும் கை வரவில்லை. வாளியை வெட்டி எடுத்தார். பிளாஸ்டர் கல்லாகியிருந்தது. தண்ணீர் ஊற்றியும் சூடு அடங்கவில்லை.

“ஒடைய்யா,” என்று அலறினாள்.

சுத்தியலை ஓங்கினார். கல் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.

“உடுய்யா,” என்றாள் பிறகு, மெதுவாக. “இப்ப சூடே தெரியல.”

அவர் கல்லைத் தொட்டார். சூட்டில் தொட்ட விரலை அதன்மேல் வைத்திருக்க முடியவில்லை.