ஆறு மணிக் கட்டம்

பித்தப்பையை எடுத்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. வயிற்றில் போட்ட நான்கு துளைகளைச் சுற்றியும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. வலது தோள்தான் கழன்று விழுவதுபோல் வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றும் வாயு தோளில் போய்க் குத்தும், அதற்கு அந்த ஊசி எட்டாது என்பது பதினேழு வருடமாக இதே வார்டில் நர்சாக இருக்கும் எனக்குத் தெரியும். "அது கேஸ்மா, தானாப் போயிடும்" என்று எத்தனையோ பேரிடம் முகம் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். இரண்டு மணிக்கொரு முறை பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டு சார்ட்டில் எழுத வேண்டிய கட்டத்தில் கேட்காமலே இரண்டு போடுவேன். நான்கு போட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஜூனியர் நர்ஸ் ஜெசிந்தாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இன்று அவள் டியூட்டி. "தூங்குங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனவள், சார்ட்டைக் கட்டிலிலேயே மறந்துவிட்டாள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கு இரண்டு. நான்கு மணிக்கு இரண்டு. ஆறு மணிக்கும் இரண்டு. சுவரில் மணி நாலேகால். அப்போது டாக்டர் உள்ளே வந்தார், பின்னால் ஜெசிந்தா. என் கையில் சார்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆறு மணிக் கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சார்ட்டை அவர் பக்கம் திருப்பினேன். "வலி எவ்வளவு இருக்கு சிஸ்டர்?" என்றார். தோள் விண்ணென்று தெறித்தது. விரலை எடுக்கவில்லை.

"ரெண்டுதான் சார்."