பதினோரு மணி ரயில்

"ஊருக்குள்ள போவக் கூடாது. அவ்ளோதான்."

வீரமுத்து மூன்றாவது முறையாகச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கும் கண்ணகி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெரியநாயகியைப் பார்த்தாள்.

இருவரும் மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். பிரான்ஸில், லியோன் என்ற ஊரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பாரிஸ் வரை விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கிருந்து லியோனுக்குப் போக ரயில் டிக்கெட்தான் பாக்கி. லியோன் ஸ்டேஷனுக்கு மருமகன் வந்து அழைத்துக்கொள்வார்.

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. ஏர்போர்ட்லேருந்து பாரிஸ் டவுனுக்குப் போயிட்டீங்கன்னா, அங்க வேற ஸ்டேஷன்ல லியோனுக்கு நிறைய ரயில் இருக்கு. பகல்ல, அங்க இருக்கற இந்த அம்மாவோட தம்பி வூட்ல இருந்துட்டு, சாயங்காலமா ஏறிக்கலாம்."

"அதத்தாம்மா நானும் ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்கேன்," என்றாள் பெரியநாயகி. "கூடப் பொறந்தவன் அந்த ஊர்லயே இருக்கான். சொந்தமா கடை, மாடி வூடு. அவனப் பாத்து ஒம்போது வருஷம் ஆவுது."

"எறங்கி மாறுறதெல்லாம் நமக்கு ஆவாது," என்றார் வீரமுத்து. "மூட்டை முடிச்சோட எங்க எறங்கறது, எங்க ஏறறது?"

"வெள்ளிமலைக்குப் போறதுன்னா இதே கள்ளக்குறிச்சில எறங்கி மாறல? மாறுனதுல காணாமயா பூட்டோம்?"

"இங்க வழி கேட்டா நாலு பேரு சொல்லுவான். அங்க யாரக் கேப்ப?"

"என் தம்பியக் கேப்பேன்!"

வீரமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? அவன் பேச்ச எடுத்தாலே இப்பிடித்தான். பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிக்கலன்னு அஞ்சு வருஷமா வீம்பு புடிச்சிக்கினு இருக்காரு. அவனுக்குக் கடைய வுட்டுட்டு வர முடியல. அது ஒரு குத்தமா?"

கண்ணகிக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"சரிங்கய்யா. ஏர்போர்ட்லயே ரயில் ஸ்டேஷன் இருக்கு. அங்கேருந்தே லியோனுக்கு நேர் ரயில் போவுது. எங்கயும் மாற வேணாம். நீங்க எறங்கி, செக்கிங் எல்லாம் முடிச்சு வெளிய வர எட்டு மணி ஆயிடும். ஒம்போதுக்கு ஒரு ரயில். போட்டுடட்டுமா?"

"அதுக்கு அடுத்தது?"

"பதினொண்ணு. அத வுட்டா ரெண்டு மணி."

வீரமுத்து விரல்விட்டு எண்ணினார்.

"பதினொண்ணு போடும்மா."

"ஐயா, ஒம்போது மணி ரயிலும் அதே மாதிரிதாங்க. டிக்கெட்டும் அதே வெலைதான். எதுக்கு அங்க சும்மா உக்காந்துக்கினு?"

"இருக்கட்டும். பதினொண்ணே போடு."

பெரியநாயகி எழுந்துவிட்டாள்.

"மூணு மணி நேரம் பெஞ்சுல குந்திக்கினு போற வர்றவங்க மூஞ்சியப் பாக்கலாமாம். தம்பி மூஞ்சிய மட்டும் பாக்கக் கூடாதாம். இன்னா நியாயமோ! நான் போயி நம்ம பஸ்ஸு நிக்குதான்னு பாக்கறேன். இங்க இருந்தா என் வாயில நல்லா வரும்."

அவள் படியிறங்கிப் போனதும் கண்ணகியால் பொறுக்க முடியவில்லை.

"வயசுல பெரியவரு, நான் சொல்லக் கூடாது. ஆனா அம்மா பாவம்ங்க. கல்யாணம் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னுமா அந்தக் கோவம்?"

வீரமுத்து, மனைவி ரோட்டைத் தாண்டும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"பொன்னுரங்கமா? மாமா பேசறேன்டா. பதினோரு மணி ரயிலு. நாங்க வந்து எறங்கற அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கெல்லாம் ஏர்போர்ட் ஸ்டேஷனுக்கு வந்துடு. வேலை செஞ்ச சட்டையோட வந்து நிக்காத. குளிச்சிட்டு, நல்லதா ஒண்ணு போட்டுக்கினு வா... ஏய், அழுவாதடா. நான் பாத்துக்கறேன்."

மவுஸின்மேல் இருந்த கண்ணகியின் கை அப்படியே நின்றது.

"அவ தம்பிதாம்மா," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "கடையும் கெடையாது, மாடி வூடும் கெடையாது. ஓட்டல்ல தட்டு கழுவறான். ஒரே ரூம்ல எட்டு பேரு, முறை வெச்சித் தூங்கறானுங்க. வாக்கா, வூட்டுக்கு வாக்கான்னு அவகிட்ட வாய் நெறையச் சொல்லிட்டு, அன்னிக்கே எனக்கு போன் போட்டு அழுதான். கல்யாணத்துக்கு ஏன் வரலன்னு எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது."

"தம்பி ஏர்போர்ட்டுக்கு வர்றாருன்னாவது அம்மாகிட்ட சொல்லலாமேங்க?"

"சொன்னா, அவன் வூட்டப் பாக்காம வரமாட்டேன்னு இங்கயே டிக்கெட்ட மாத்திடுவா. அந்த ரூமப் பாத்தா அவ தாங்க மாட்டா. அக்கா பாத்துட்டான்னா அவன் தாங்க மாட்டான். எம்மேல நாலு ஏச்சு வுழுந்தா இன்னா, வுழுந்துட்டுப் போவுது."

கண்ணகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"அப்படீன்னா ரெண்டு மணி ரயில்ல போட்டுடட்டுங்களா? இன்னும் கொஞ்ச நேரம் ஒண்ணா இருப்பாங்க."

"ஐயோ, வேணாம்மா!" வீரமுத்து அவசரமாகத் தலையாட்டினார். "பதினொண்ணுதான் சரி. அக்காவும் தம்பியும் ஆசை தீரப் பேசப் பத்தும். அவன் வூட்டுக்குப் போய்த் திரும்பப் பத்தாது."