இருபது விநாடிக் கார்

அநியாயம் நடந்தது கிழட்டு நீலக் காருக்கு. பந்தயத்தில் முதலில் கோட்டைத் தாண்டியதும் அதுதான், தோற்றதாக அறிவிக்கப்பட்டதும் அதுதான்.

அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. தோற்றால் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன் என்று முதலாளி வேறு காலையிலேயே சொல்லியிருந்தார். கார் நேரே போய், கோட்டருகே நின்ற நேரப் பலகையைப் பிடித்துக்கொண்டது.

“இது என்னங்க நியாயம்? எனக்கு ரெண்டு விநாடி பின்னால் வந்த சிவப்புப் பயலா ஜெயிச்சான்?”

“ஆமாம்மா. எத்தனை விநாடியில் ஓடுவோம் என்று அவரவர் முன்கண்ணாடியில் முன்கூட்டியே எழுதி வரணும். மெதுவான காரை முதலில் விடுவோம். எழுதியதைவிடச் சீக்கிரம் வந்தால் அவுட். உன் கண்ணாடியில் இருபது, நீ வந்தது பத்தொன்பதில்.”

“எழுதினது முதலாளி. என்னைக் கேட்டாரா?”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?”

கார் திகைத்தது. “இருபதுன்னுதான். பத்தொன்பது எனக்கு வரும்னு எனக்கே இன்னைக்குத்தானே தெரியும்! சரி, இருபதிலேயே வந்திருந்தா?”

“ஜெயிச்சிருப்பாய்.”

“அடுத்த தடவை பத்தொன்பதுன்னு எழுதி, பதினெட்டில் வந்தா?”

“தோற்பாய்.”

“அப்போ நல்லா ஓடுறதுதான் குத்தமா? என்னால எவ்வளவு முடியும்னு யாருக்குத்தான் தெரியும்? நேரம் பார்ப்பதே வேலையா நிக்கிறீங்களே, உங்களுக்காவது தெரியுமா?”

பலகையின் எண்கள் அணைந்து அணைந்து எரிந்தன.

“எனக்கெப்படிம்மா தெரியும்? உன் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதைத்தான் நானும் நம்பினேன்.”